கொல்லையில் நெருப்பு, பையனுக்கு இருமல்: என்ன செய்யலாம்?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். மிச்சிகனில், டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் இருக்கிறோம். போன வருஷம் என் கணவர் வீட்டுப் பின்புறம் ஒரு ஃபயர் பிட் (விறகு போட்டு எரித்துச் சுற்றி உட்காரும் நெருப்புத் தொட்டி) வாங்கிப் போட்டார். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை வெள்ளி, சனி இரவுகளில் எங்கள் குடும்பமே அதைச் சுற்றித்தான். மகளுக்குப் பதினைந்து வயது. வாரம் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பவள் அங்கே வந்து உட்கார்ந்தால் தானாகவே பேசுகிறாள். மகனுக்கு எட்டு வயது, ஆஸ்துமா உண்டு. நெருப்பு போட்ட அன்று நன்றாகத்தான் இருக்கிறான். மறுநாள் இரவு இருமல் தூக்கத்தைக் கெடுக்கிறது. கணவரிடம் சொன்னால், "எங்க அம்மா விறகடுப்புல சமைச்சுதான் எங்களை வளர்த்தாங்க, எங்களுக்கு என்ன ஆச்சு?" என்கிறார். அத்தை, அதாவது என் மாமியார், தென்காசிப் பக்கத்திலிருந்து ஜூனில் வந்திருக்கிறார், 68 வயது. அவருக்கும் காலையில் இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆனால் நெருப்பு மூட்டினால் முதல் ஆளாகப் பக்கத்தில் போய் உட்காருவது அவர்தான். லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) விடுமுறைக்கு மூன்று குடும்பங்களை அழைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் நிறுத்திவிடவா? நிறுத்தினால் மகளை நான் எங்கே போய்ப் பிடிப்பது?

பதில்:

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். இந்த வருஷம் உங்கள் வீட்டில் இனி விறகு நெருப்பு வேண்டாம். வெள்ளி, சனி இரவு வெளியே உட்காருவதை நிறுத்தவும் வேண்டாம்; விறகை எடுத்துவிட்டு கேஸுக்கு மாறுங்கள். மகனை அவனுடைய டாக்டரிடம் சீக்கிரம் காட்டுங்கள். அத்தையின் மூச்சிரைப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும், அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். லேபர் டே விருந்தை ரத்து செய்ய வேண்டியதில்லை.

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் நான் வேறு எதைச் சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. அவருடைய அம்மாவுக்கு ஆகியிருக்கலாம். புகைபோக்கி இல்லாத அடுப்படியில், ஊதுகுழலும் கையுமாக, முகத்தை அடுப்புக்கு நேராக வைத்துக்கொண்டு தினமும் மூன்று வேளை சமைத்த தலைமுறை அது. சிகரெட்டையே தொடாத 68 வயதுப் பெண்ணுக்குக் காலை இருமலும் மாடிப்படியில் மூச்சிரைப்பும் என்றால், நுரையீரல் மருத்துவனான என் மனம் முதலில் போவது அந்த அடுப்படிக்குத்தான். சி.ஓ.பி.டி. என்று நாங்கள் சொல்லும் மூச்சுக்குழாய் அடைப்பு நோய் புகைபிடிக்கிற ஆண்களுக்கு வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு அது விறகு, வறட்டி, சருகுப் புகையாலும் வருகிறது. வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் புகையால் உலகம் முழுவதும் 2020இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது.

பிள்ளைகளையும் யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் விடாமல் இருமிய குழந்தைகளை "சளி உடம்பு" என்றார்கள், இல்லாவிட்டால் "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" (பிள்ளைகளுக்கு வரும் காசநோய்) என்று பெயர் போட்டு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ஆஸ்துமா இருந்தது என்று யாரும் ஊதவைத்துப் பார்க்கவில்லை. உங்கள் கணவருக்கு ஆஸ்துமா இல்லை, அதனால் தப்பித்தார். அவர் மகனுக்கு இருக்கிறது. இரண்டு பேரின் மூச்சுக்குழாயும் ஒன்றில்லை.

விறகுப் புகை இயற்கையானது, அதனால் கெடுதல் செய்யாது என்ற நினைப்பும் நம் வீடுகளில் உண்டு. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது நுண்துகள்கள். பி.எம். 2.5 என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத தூசு. மூக்கு இதை வடிகட்டாது, நேரே நுரையீரலின் சிற்றறைகள்வரை போய்விடும். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய்ச் சுவர் ஏற்கெனவே வீங்கித் தயாராக இருப்பது. புகை பட்டதும் அந்த வீக்கம் மெல்ல ஏறும், சளி கூடும், குழாய் சுருங்கும். இதற்குப் பல மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். உங்கள் மகன் நெருப்புப் பக்கத்தில் சிரித்து விளையாடிவிட்டு மறுநாள் இரவு இருமுவது இதனால்தான். நீங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது சரியான கவனிப்பு.

காற்று வரும் பக்கமாக நாற்காலியை மாற்றிப் போட்டால் போதாதா? பெரியவர்களுக்கு ஓரளவு உதவும். ஆனால் கோடை இரவில், வெயில் இறங்கியபின் காற்று பெரும்பாலும் அசையாது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோலப் படுத்துவிடும். புகை மேலே போக வழியில்லாமல் வேலிக்கும் வேலிக்கும் நடுவே நிற்கும். திறந்திருக்கும் படுக்கையறை ஜன்னல் வழியாக உள்ளேயும் வரும். அதாவது நெருப்பை அணைத்துவிட்டு, பல் தேய்த்துப் படுத்தபிறகும் பையன் அதே புகையைத்தான் சுவாசித்துக்கொண்டிருப்பான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் இதே கதைதான். அவர்கள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்பதால் அவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் அக்கம்பக்கத்தார் நேரில் வந்து சொல்லத் தயங்குவார்கள். நேரே நகராட்சிக்கு ஃபோன் போட்டுவிடுவார்கள்.

இனி விறகைப் பற்றி. உங்கள் வீட்டில் என்ன விறகு எரிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. வசந்தகாலப் புயலில் விழுந்த மேப்பிள் கிளையை வெட்டி, ஜூன் மாதமே அடுப்பில் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நெருப்பின் சூடெல்லாம் முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். தீ சூடேறாது, எரிய வேண்டிய வாயுக்கள் எரியாமல் புகையாக வெளியேறும். ஈர விறகை அடையாளம் காண்பது எளிது. தீயில் வைத்ததும் உஸ் என்று சீறும், வெட்டிய முனையில் நுரை தள்ளும். காய்ந்த விறகில் முனையெல்லாம் வெடிப்பு விழுந்திருக்கும், பட்டை கையோடு உரிந்து வரும், இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்கும். உங்கள் அத்தையிடம் ஒரு கட்டையைக் கொடுத்துப் பாருங்கள், தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்த ஞானம் இல்லாதவர்களுக்காக ஈரப்பதம் அளக்கும் சின்னக் கருவி கடையில் கிடைக்கிறது. விறகைப் பிளந்து, உள்பக்கத்தில் அதன் இரண்டு ஊசியையும் குத்திப் பார்க்க வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் எரிக்கலாம். மேப்பிள், ஓக் போன்ற கெட்டி மரங்களைப் பிளந்து அடுக்கி, மேலே மட்டும் மூடி, ஏறத்தாழ ஒரு வருஷம் காயவிட வேண்டும்.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? விருந்துக்கு வரும் மூன்று குடும்பங்களில் ஒருவர் வீட்டிலாவது ஃபயர் பிட் இருக்கும், அங்கே நீங்கள் போவீர்கள். அவர்களிடம் பழைய வேலிப் பலகை, தட்டுமுட்டுச் சாமான், பெயிண்ட் அடித்த மரம், பிளைவுட் எதையும் எரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 2003 இறுதிவரை வீட்டு உபயோகத்துக்கு விற்ற மருந்தடித்த மரப்பலகைகளில் ஆர்சனிக் இருந்தது. பழைய டெக்கை இடித்துக் கொல்லையிலேயே எரிப்பவர்கள் அந்த ஆர்சனிக்கைத்தான் ஊருக்குப் பங்கு போடுகிறார்கள். பாய்சன் ஐவி கொடி சுற்றிய கட்டையும் ஆபத்து. தோலில் பட்டால் அரிக்கும் அதே எண்ணெய் புகையோடு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரியில்தான் கொண்டுபோய் நிறுத்தும். வெளியூரிலிருந்து விறகு கொண்டுவருவதும் மிச்சிகனில் கூடாத பழக்கம். ஆஷ் மரங்களைக் கூண்டோடு அழித்த அந்தப் பச்சை வண்டு வட அமெரிக்காவில் முதலில் பிடிபட்டதே 2002இல், உங்கள் டெட்ராய்ட் பக்கத்தில்தான். அது நாடு முழுக்கப் பரவியதற்கு மனிதர்கள் காரில் ஏற்றிப்போன விறகும் ஒரு முக்கியக் காரணம்.

"புகையில்லா" ஃபயர் பிட் என்று இரட்டைச் சுவர் வைத்து விற்கிறார்களே, அது போதாதா என்று உங்கள் கணவர் அடுத்துக் கேட்பார். கண்ணுக்குத் தெரியும் புகையை அது நன்றாகவே குறைக்கிறது. அடியிலிருந்து ஏறும் சூடான காற்று மேலே இரண்டாவது முறை புகையை எரிக்கிறது. நுண்துகள் குறையுமே தவிர இல்லாமல் போவதில்லை. மூட்டும்போதும் அணையும்போதும் அதுவும் சாதாரண அடுப்புதான். ஆஸ்துமா இல்லாத வீட்டுக்கு நல்ல பொருள். உங்கள் வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

சரி, கேஸ். பார்பிக்யூவுக்கு வைத்திருக்கும் அதே 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டரில் ஓடும் ஃபயர் பிட் பெரிய கடைகளில் கிடைக்கிறது. 50,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) அளவில் முழுத் தீயில் வைத்தால் ஒரு சிலிண்டர் எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும். பாதித் தீயில் இன்னும் அதிகம். உங்களுக்கு ஒரு மாதக் கணக்குக்கு இரண்டு சிலிண்டர் போதும். புகை, நுண்துகள் விறகோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. படபட என்று வெடிக்கும் சத்தம் வராது, வாசனை வராது. விறகைக் கிளறி விளையாடும் சுகமும் போச்சு. கணவர் முகம் சுளிப்பார், அது இருக்கட்டும். கராஜுக்குள்ளோ, மூன்று பக்கம் மூடிய கூரைக்கு அடியிலோ மட்டும் அதை வைக்கவே கூடாது. மார்ஷ்மெல்லோ சுடலாமா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், கூட வரும் கையேட்டைப் பாருங்கள்.

விலை குறைவு, அழகாக இருக்கிறது என்று மேஜைமேல் வைக்கும் ஆல்கஹால் ஃபயர் பிட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து யாராவது மறுபடி ஊற்றும்போது, பாட்டிலுக்குள் தீ பாய்ந்து எதிரே இருப்பவர்மீது பீய்ச்சி அடிக்கும். இரண்டு பேர் இறந்ததையும் 2019 முதல் குறைந்தது 60 பேர் காயப்பட்டதையும் சொல்லி, அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் இவற்றை வாங்காதீர்கள் என்று எச்சரித்தது.

மகனுக்கு வருவோம். இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். புகை அவனைத் தூண்டுகிறது, உண்மை. ஆனால் கட்டுப்பாட்டில் இருக்கிற ஆஸ்துமா ஒரு மாலைப் புகைக்கு இரவெல்லாம் இருமவைக்காது. நெருப்பு போடாத வாரங்களில் எப்படி இருக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை, அதைக் கவனியுங்கள். மூச்சைத் திறக்கும் இன்ஹேலர் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்படுகிறதா, மாதத்தில் இரண்டு இரவாவது இருமலில் எழுகிறானா, ஓடி விளையாடும்போது நின்று இருமுகிறானா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அவனுக்குத் தினசரி எடுக்கும் மருந்து தேவைப்படலாம், அல்லது இருக்கும் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

இங்கேதான் நம் குடும்பங்களில் சிக்கல் வரும். ஊரிலிருந்து ஒரு ஃபோன் வரும்: "இன்ஹேலர் பழகிடும், அப்புறம் விடவே முடியாது, கஷாயம் வச்சுக் குடு." இன்ஹேலர் பழக்கமாகிற மருந்தில்லை. வாயால் விழுங்கும் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு, போக வேண்டிய இடத்துக்கு நேரே போகிறது. இங்கே ஆல்ப்யூட்டரால், ஊரில் ஆஸ்தாலின். இரண்டும் ஒரே மருந்துதான். அத்தை பயந்தால் இதைச் சொல்லுங்கள். இன்ஹேலரை நேரே வாயில் வைத்து அடிக்கக் கூடாது. நடுவில் ஸ்பேசர் குழாய் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை நேரடியாக அடித்தால் மருந்தில் பாதிக்கு மேல் நாக்கிலும் தொண்டையிலுமே ஒட்டிக்கொள்ளும். டாக்டரிடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்த ஆஸ்துமா செயல்திட்டத்தை எழுதி வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்து மூச்சு இழுத்தாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, இன்ஹேலர் அடித்தும் தணியாவிட்டாலோ யோசிக்காமல் 911.

காற்றின் நிலையைப் பார்க்கும் பழக்கமும் உங்களுக்கு வர வேண்டும். 2023 ஜூன் இறுதியில் கனடாக் காட்டுத்தீப் புகை இறங்கியபோது, உலகின் மோசமான காற்றுள்ள நகரங்களின் வரிசையில் டெட்ராய்ட் முன்னால் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். ஏர்நவ் என்ற அரசு செயலியில் உங்கள் ஜிப் கோடைப் போட்டால் நிறம் காட்டும். ஆரஞ்சு, அதாவது காற்றுத் தர எண் 100க்கு மேல் போனால் மகனும் அத்தையும் வெளியே அதிக நேரம் இருக்க வேண்டாம். அன்று கேஸ் நெருப்பும் வேண்டாம், உள்ளே உட்கார்ந்து கேரம் ஆடுங்கள்.

அத்தையின் விஷயத்தைக் கொஞ்சம் சாமர்த்தியமாகக் கையாள வேண்டும். மூச்சிரைப்புக்கு நுரையீரல்தான் காரணம் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு கட்ட முடியாது. இருதயமாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம். முதல் படி ஸ்பைரோமெட்ரி. குழாயில் வேகமாக ஊத வேண்டும், வலிக்காது, அரைமணி நேர வேலை. இங்கே செய்வதற்கு முன் அவருடைய விசிட்டர் இன்ஷூரன்ஸ் தாளைப் படியுங்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பல திட்டங்கள் பணம் தராது, திடீரென்று முற்றினால் மட்டும் தரும் என்று எழுதியிருப்பார்கள். நடமாடும்போது நிதானமாக இருக்கிறார், நெஞ்சு வலி இல்லை, கால் வீக்கம் இல்லை என்றால் ஊருக்குப் போனதும் திருநெல்வேலியிலோ மதுரையிலோ நெஞ்சக மருத்துவரிடம் காட்டலாம். இவற்றில் ஏதாவது இருந்தாலோ, இரைப்பு கூடிக்கொண்டே போனாலோ செலவைப் பார்க்காமல் இங்கேயே பார்த்துவிடுங்கள்.

அவர் ஏன் முதல் ஆளாகப் போய் உட்காருகிறார்? அந்தக் கொல்லையில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். டிஷ்வாஷர் தெரியாது, காரோட்ட முடியாது, பேரன் பேசும் இங்கிலீஷ் பாதி புரியாது. தீ மூட்டத் தெரியும். அதைப் பிடுங்கிவிட்டு, "நீங்க உள்ளே இருங்க அத்தை" என்று சொல்வது நல்லதில்லை. கேஸில் மூட்ட ஒன்றுமில்லை, அதனால் வேறு ஒரு வேலையை அவருக்கு ஒதுக்குங்கள். ஆகஸ்டில் மிச்சிகனில் சோளம் மலியும். கேஸ் கிரில்லில் சோளக்கதிரைச் சுட்டு, எலுமிச்சை மூடியில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தேய்க்கும் பொறுப்பு அவருடையதாகட்டும். சேலை முந்தானையை மட்டும் இடுப்பில் நன்றாகச் செருகச் சொல்லுங்கள். சிந்தெடிக் சேலை தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டும். கொசுவுக்காக வேப்பிலையோ சாம்பிராணியோ போடலாம் என்று அவர் சொன்னால் வேண்டாம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டு, ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வையுங்கள். கொசுவால் எதிர்காற்றில் பறக்க முடியாது. ஒரு வீட்டு ஃபேனே போதும்.

மகளை எங்கே பிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நுரையீரல் டாக்டர் என்பதால் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறீர்கள். என் துறைக்கு வெளியே இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். பாலி வீஸ்னர் என்ற மானிடவியலாளர் போட்ஸ்வானா, நமீபியாவில் வாழும் ஜூஹோவான்சி வேட்டைச் சமூகத்தாரின் பேச்சைப் பதிவு செய்து, 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பகலில் அவர்கள் பேசியதில் பெரும்பகுதி வேலை, பங்கீடு, குறை சொல்வது, பொருமல். இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது பேச்சில் 81 சதவீதம் கதை. அதே ஆட்கள்தான், நேரமும் வெளிச்சமும்தான் வேறு.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. பகலில் நீங்கள் அவளிடம் பேசுவதெல்லாம் ஹோம்வொர்க், துவைக்கப் போட்ட துணி, ஃபோன், கணக்கு மார்க்காக இருக்கும். இரவில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் தீயில். இருட்டு. கையில் குச்சி. நடுவில் பேச்சு நின்றாலும் ஒருவருக்கும் சங்கடமில்லை. காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும்போது பிள்ளைகள் திடீரென்று வாய் திறப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதற்கும் இதே காரணம்தான். இதில் விறகுக்கு எந்தப் பங்கும் இல்லை. கேஸ் நெருப்பிலும் இது நடக்கும், வெளி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஃபோன்களை உள்ளே வைத்துவிட்டு வந்தால். ஆனால் அங்கேயும் வந்து மார்க்கைக் கேட்டீர்களானால் எந்த நெருப்பாலும் பிரயோஜனமில்லை. தம்பி தூங்கப் போனபிறகு அவளுக்கென்று அரைமணி நேரம் கூடக் கொடுங்கள். ஜூனில் உங்கள் ஊரில் சூரியன் மறையவே ஒன்பது தாண்டிவிடும், ஆகஸ்ட் முடிவில் எட்டு மணிவாக்கிலேயே மறைந்துவிடுகிறது. உங்களுக்கு இப்போது வசதியான காலம்.

விறகு ஃபயர் பிட்டை விற்றுவிட வேண்டாம். மகனின் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் வந்து, சில மாதம் இரவு இருமலே இல்லாமல் போனால், அடுத்த கோடையில் அவனுடைய டாக்டரைக் கேட்டுக்கொண்டு எப்போதாவது ஒரு நாள் காய்ந்த விறகில் சின்னத் தீ போட்டுப் பார்க்கலாம். பல அமெரிக்க நகரங்கள் பின்பற்றும் தீத்தடுப்பு விதிப்படி, தரையில் மூட்டும் தீ வீட்டிலிருந்து 25 அடி தள்ளி இருக்க வேண்டும்; கால் வைத்து நகர்த்தக்கூடிய ஃபயர் பிட்டை 15 அடியாவது தள்ளி வையுங்கள். தண்ணீர்க் குழாய் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் நகராட்சியில் இதற்கு மேலும் விதி இருக்கலாம், அனுமதி தேவைப்படலாம். ஃபோனில் கேட்டால் சொல்வார்கள். அணைக்கும்போது மண்ணைப் போட்டு மூடிவிட்டு உள்ளே போகாதீர்கள். மண்ணுக்கடியில் கங்கு பல மணி நேரம் சூடு குறையாமல் கிடக்கும். மறுநாள் காலை வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதில்தான் கால் வைக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே காட்டிச் சூடில்லை என்று தெரிந்தபிறகு போங்கள். யாருக்காவது சுட்டுவிட்டால் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ், பற்பசை, இட்லி மாவு, இங்க், மஞ்சள் எதுவும் கிட்டே வரக் கூடாது.

கடைசியாக லேபர் டே. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நாள் ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கு வருஷத்திலேயே மோசமான காலத்தின் வாசலில் நிற்கிறது. ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் மிச்சிகனில் ராக்வீட் மகரந்தம் உச்சத்தில் இருக்கும். பள்ளி திறந்ததும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சளி தொற்றும். பள்ளி திறந்து இரண்டு, மூன்று வாரத்தில் ஆஸ்துமாவோடு அவசர சிகிச்சைக்கு வரும் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் எங்கள் துறையில் பார்ப்பதுதான். அதற்கு மேல் விறகுப் புகையையும் சேர்க்க வேண்டாம். ஆகவே விருந்து நடக்கட்டும், கேஸ் நெருப்போடு. வருகிறவர்களிடம் "பையனுக்கு ஆஸ்துமா, அதனால் விறகில்லை" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நல்லெண்ணத்தில் யாரும் காரில் விறகுக் கட்டு ஏற்றிக்கொண்டு வரமாட்டார்கள். மகனின் டாக்டரிடம் ஆகஸ்ட் மாதத்துக்குள் நேரம் வாங்குங்கள். தினசரி இன்ஹேலர் ஆரம்பித்தால் முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்பதால், பள்ளி திறந்தபின் போனால் தாமதம். பள்ளி நர்ஸிடம் கொடுக்க இரண்டாவது இன்ஹேலருக்கும் ஸ்பேசருக்கும் அதே நாளில் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ளூ தடுப்பூசி எப்போது வரும் என்றும் கேட்டுவிடுங்கள்.